பைத்தியம் என்னும் சொல் வந்த வழி

மனநலப் பிரிவுக்கு முதன்முறையாக வருவோரில் பலர், தங்களை அச்சுறுத்தும் சொல்லை வாய்விட்டுச் சொல்வதில்லை. "அது மாதிரி ஒண்ணும் இல்லையே, டாக்டரம்மா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். 'அது' எது என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். ஒரு நோயைப் பற்றிப் பேச வந்த இடத்தில் ஒரு சொல்லைக் கண்டு அஞ்ச நேர்வது ஏன்? அச்சொல் எங்கே பிறந்தது, எவ்வாறு கெட்டது, அதற்கு மாற்றாக வந்த சொற்கள் என்னவாயின என்பவற்றை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம். மருந்தைப் பற்றிய பாடம் அன்று இது. எனினும் ஒருவர் மாத்திரையைத் தொடர்ந்து உண்பதும் இடையில் நிறுத்துவதும் பல வேளைகளில் இத்தகைய சொற்களைப் பொறுத்தே அமைவதை நாங்கள் கண்டு வருகிறோம்.

'பைத்தியம்' மருத்துவச் சொல்லாகப் பிறந்தது. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் உண்டாகும் என்பது நம் பழைய மருத்துவத்தின் அடிப்படை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் அம்மூன்றைச் சுட்டியே தொடங்குகிறது. அவற்றுள் பித்தம் மிகுந்து தலைக்கேறினால் அறிவு கலங்கும் என்று கருதினார்கள். பித்தத்தால் விளைவது பைத்தியம். 'வித்தை'யிலிருந்து 'வைத்தியம்' பிறந்த அதே வடமொழி முறையில் பித்தத்திலிருந்து 'பைத்தியம்' பிறந்தது. ஆகவே வைத்தியமும் பைத்தியமும் பிறப்பால் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட சொற்கள். "இவருக்குப் பைத்தியம்" என்று அக்கால மருத்துவர் சொன்னது, "இவருக்கு மஞ்சள் காமாலை" என்று இன்று சொல்வதைப் போன்ற ஒரு நோய்க்கணிப்பு மட்டுமே. தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிக்கச் சொன்னதும் பித்தச் சூட்டைத் தணிக்கும் சிகிச்சையாகத்தான். அந்தச் சிகிச்சையே இன்று, "போய் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளி" என்னும் ஏளனமாகிவிட்டது.

சித்த மருத்துவ நூல்கள் மனநோய்களுக்குக் 'கிரிகை' என்று பெயரிட்டு, அவற்றை 18 வகையாகப் பிரித்தன. அச்சொல் ஏட்டோடு நின்றுவிட்டது. தெருவுக்கு வராததால் அது கெடவும் இல்லை. பித்தத்தால் மனநோய் வருகிறது என்று இன்றைய மருத்துவம் கொள்வதில்லை. மூளையின் செயற்பாடு, பரம்பரை, வாழ்க்கை நெருக்கடி எனப் பல காரணங்கள் சேர்ந்தே அது தோன்றுகிறது. காரணம் தவறென்று தெரிந்த பின்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அது கெட்ட வழியைத் தமிழ் இலக்கணத்தைக் கொண்டே காட்டலாம். நோயைச் சொல்ல நாம் நான்காம் வேற்றுமையைக் கையாளுகிறோம். அவருக்குக் காய்ச்சல், அவருக்குச் சர்க்கரை, குழந்தைக்கு இருமல். இங்கே நோய் வேறு, ஆள் வேறு. இரண்டிற்கும் நடுவே 'கு' என்னும் ஓர் எழுத்து வேலிபோல் நிற்கிறது. காய்ச்சல் வந்தவரை 'அவர் காய்ச்சல்' என்று எவரும் சொல்வதில்லை. சண்டையில்கூட 'போடா ரத்தக் கொதிப்பு' என்று திட்டக் கேட்டதில்லை. ஆனால் 'அவனுக்குப் பைத்தியம்' என்பது எப்போதோ 'அவன் பைத்தியம்' ஆயிற்று. 'கு' உதிர்ந்தது, வேலி விழுந்தது, நோயே ஆளாகிவிட்டது. அதன்மேல் 'காரன்' என்னும் ஒட்டும் ஏறிக்கொண்டது. பால்காரர், தறிக்காரர் என்று தொழிலால் ஒருவரை அழைக்கும்போது அது அவருடைய நாளாந்த அடையாளத்தைச் சொல்கிறது. 'பைத்தியக்காரன்' என்னும்போது, வந்து போகக்கூடிய ஒரு நோய், விட்டு விலகாத அடையாளமாகிறது. காய்ச்சல் விட்டது என்கிறோம். பைத்தியக்காரன் குணமானால் அவனுக்கு வேறு பெயர் வைக்க நம் வழக்கில் ஏற்பாடு இல்லை. "பைத்தியம் தெளிந்துவிட்டது, உலக்கையைக் கொண்டு வா, கோவணம் கட்டிக்கொள்கிறேன்" என்னும் பழமொழியைக் கேட்டிருப்பீர்கள். அது நோயைக் கேலி செய்யவில்லை, குணமடைதலைக் கேலி செய்கிறது. சிகிச்சை பெற்று வீடு திரும்புவோருக்கு அதைவிடக் கொடிய பழமொழி தமிழில் வேறில்லை என்பது எங்கள் எண்ணம்.

"நாங்கள் பிள்ளையைக் கொஞ்சும்போதும் 'அடி பைத்தியமே' என்கிறோமே, கிரிக்கெட் பைத்தியம் என்கிறோமே" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஒரே சொல் மடியிலிருக்கும்போது ஒன்றாகவும், தெருவில் எறியப்படும்போது வேறொன்றாகவும் இருக்கிறது. ஆயினும் சிகிச்சையில் இருக்கும் ஒருவர் அதே கூடத்தில் அமர்ந்திருக்கையில் அச்சொல்லுக்குக் கொஞ்சும் பொருள் எஞ்சுவதில்லை. அவர் நிமிர்ந்து பார்ப்பார், அல்லது பார்க்காமலிருக்க முயல்வார். இரண்டையும் குடும்பத்தார் கவனித்திருப்பீர்கள்.

இழிசொல்லைத் தாமே ஏற்றுப் பெருமையாக்கிக்கொண்ட கதை ஒன்றும் நம்மிடம் உண்டு. திருமண நாளில் வழக்குரைக்க வந்த முதியவரைச் சுந்தரர் 'பித்தன்' என்று ஏச, திருவெண்ணெய்நல்லூரில் இறைவன் வெளிப்பட்டு, ஏசிய அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடச் சொன்னதாகப் பெரியபுராணம் கூறுகிறது. இங்கே ஏச்சைப் புகழாக்கும் உரிமை ஏசப்பட்டவரிடம் இருந்தது. நோயுற்றவர் தம்மைத்தாமே அப்படிச் சொல்லிச் சிரித்துக்கொள்வதும் உண்டு. அது அவர் உரிமை. உடனிருப்போர் அதைக் கடன் வாங்கலாகாது.

சொல் கெட்டுவிட்டால் வேறு சொல் வைத்தால் போயிற்று என்று தோன்றும். அதையும் உலகம் பலமுறை செய்து பார்த்துவிட்டது. ஆங்கிலத்தில் 'இடியட்', 'இம்பெசில்' என்பவை ஒரு காலத்தில் அறிவு வளர்ச்சிக் குறைவின் படிநிலைகளைக் குறித்த மருத்துவச் சொற்கள். 1910இல் அமெரிக்க உளவியலார் ஹென்றி காடர்ட் மூன்றாம் படிக்கு 'மோரான்' என்னும் புதுச்சொல்லைப் படைத்தார். மூன்றும் இன்று வசைச்சொற்கள். அவற்றை விலக்க வந்த 'ரிடார்டேஷன்' என்னும் மென்மையான சொல்லும் பள்ளிக்கூட வசையாகிப் போக, 2010இல் அமெரிக்கா சட்டம் இயற்றித் தன் நடுவண் அரசுச் சட்டங்களிலிருந்து அதை நீக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் இதே ஓட்டந்தான். 1912ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயுற்றவரை 'லூனடிக்' என்றது. லத்தீனில் 'லூனா' என்றால் நிலா; நிலவின் தேய்வும் வளர்ச்சியும் அறிவைக் கலக்கும் என்னும் நம்பிக்கையில் பிறந்த பெயர். அமாவாசைக்குக் குணம் மாறும் என்று நம்மூரில் சொல்வதைப் போன்றது. அவர்களை வைத்திருந்த இடம் 'அசைலம்'. கிரேக்க மொழியில் அதற்குப் பொருள், எவரும் வந்து பிடித்துச் செல்ல முடியாத புகலிடம் என்பது. நல்ல பொருள்தான், ஆனால் உள்ளே போனவர் வெளியே வர முடியாத இடமாக அது மாறியபோது பெயரும் கூடவே இருண்டது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பட்ட அசைலம் 1922இல் அரசு மனநல மருத்துவமனை ஆயிற்று. ஆங்கிலப் பெயர் 'மெண்டல் ஹாஸ்பிடல்'. 'மெண்டல்' என்றால் 'மனத்தைச் சார்ந்த' என்பதற்குமேல் எதுவும் இல்லை. இழிவை நீக்கவென்று தேர்ந்தெடுக்கப்பட்ட சொல் அது. அது என்ன ஆயிற்று என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. எந்தப் பேருந்து நிலையத்திலும் கேட்கலாம். பலகையில் இருந்த சொல் அப்படியே வாய்க்கு வந்து வசையாகிவிட்டது. உயிர், மனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழியில் வந்த 'சைக்கோ', திரைப்படங்களின் தயவால் கொலைகாரனையே குறிக்கலாயிற்று.

ஊர்ப்பெயர்களும் தப்பவில்லை. லண்டனில் இருந்த பெத்லகேம் மருத்துவமனையின் பெயர் திரிந்து 'பெட்லம்' என்று கூச்சல் குழப்பத்துக்குப் பெயராயிற்று. நம்மிடம் கீழ்ப்பாக்கம். வேலூர்ப் பக்கத்தில் எங்கள் பாகாயமே அப்பணியைச் செய்கிறது. நண்பர்கள் சண்டையிட்டுக்கொண்டால், "உன்னைப் பாகாயத்தில்தான் சேர்க்கணும்" என்கிறார்கள். இங்கே மனநல மையம் தொடங்கப்பட்டது 1957இல். நோயாளியைத் தனியே பூட்டிவைக்காமல், குடும்பத்தார் உடன் தங்கிச் சமைத்து, மருந்து கொடுத்து, சிகிச்சையைக் கற்றுக்கொள்ளும் முறையை இந்தியாவில் முன்னெடுத்த இடங்களுள் இதுவும் ஒன்று. அம்முறையைப் பார்த்தவர்கள் அவ்வசையைச் சொல்லக் கூசுவார்கள். பார்க்காதவர்கள் சொல்கிறார்கள்.

அப்படியானால் சொற்களை மாற்றுவதால் பயனே இல்லையா? உண்டு என்று சொல்வதற்கு வேலூரிலேயே சான்று இருக்கிறது. அது வேறொரு நோயைப் பற்றியது.

'குட்டம்' என்பதும் 'குஷ்டம்' என்பதும் பழைய மருத்துவத்தின் சொற்கள். தோலைப் பற்றிய பல நோய்களுக்கு அவை பொதுப்பெயர். அதிலிருந்து வந்த 'குஷ்டரோகி' என்னும் சொல்லில் நோயும் ஆளும் ஒன்றானார்கள். செய்த பாவத்தின் கூலி என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. 1954இல் வந்த 'ரத்தக்கண்ணீர்' திரைப்படத்தில் ஒழுக்கம் கெட்ட நாயகனுக்கு அந்நோய் வருவதை எம்.ஆர். ராதாவின் நடிப்பில் தமிழகமே பார்த்தது. அரிய நடிப்புத்தான், ஆனால் நோயுற்றவர்களுக்கு அப்படம் நன்மை செய்ததாகச் சொல்ல முடியாது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவர்களைப் பிடித்து ஒதுக்கிவைக்கவும் இடம் தந்தது.

அதே காலத்தில் வேலூரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1940களின் இறுதியில் அறுவை மருத்துவர் பால் பிராண்டு, அந்நோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை இங்கே தொடங்கினார். சதை அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இழந்த கைகால்கள் காயப்படுவதே உறுப்புகள் அழியக் காரணம் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அதனால் காலணி ஒரு மருந்தாயிற்று. மென்மையான நுண்ரப்பர் அடியிட்ட செருப்புகள் செய்யப்பட்டன. தோலும் செருப்பும் பிழைப்பாகக் கொண்ட இம்மாவட்டத்துக்கு அது பொருத்தமான மருந்து. 1955இல் கரிகிரியில் இதற்கென ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று 6 மாதம் அல்லது 12 மாதம் மருந்துண்டால் நோய் முற்றிலும் குணமாகிறது. மருந்து விலையின்றிக் கிடைக்கிறது.

இவற்றோடு கூடவே பெயரும் மாறியது. புதிதாக ஒரு சொல்லை உருவாக்கவில்லை. அப்பர் தேவாரத்திலேயே இருக்கும் 'தொழுநோய்' என்னும் பழஞ்சொல் மருத்துவமனைப் பலகைகளுக்கும் பாடநூல்களுக்கும் வந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டும் விதிகள் 2019இல் நீக்கப்பட்டன. 'தொழுநோய்' என்னும் சொல்லை வசையாக நாங்கள் கேட்டதே அரிது. மனத்தடை இன்னும் முழுவதும் போகவில்லை என்பதை அறிவோம். ஆனால் 'மெண்டல்' ஓராயுள் காலத்துக்குள் கெட்டதும், 'தொழுநோய்' கெடாமல் நிற்பதும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை. ஒன்றில் பலகை மாறியது, மதில் மாறவில்லை. மற்றொன்றில் சொல்லோடு மருந்தும், செருப்பும், சட்டமும், நிமிர்ந்த விரலும் வந்தன. குணமானவர்களை ஊரார் கண்ணால் பார்த்தார்கள்.

மனநோய்ச் சட்டங்களிலும் அண்மைக்காலத்தில் ஒரு நல்ல மாற்றம் நேர்ந்திருக்கிறது. 1912இன் 'லூனடிக்' 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'மனநோயாளர்' ஆனார். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'மனநோய் உள்ள நபர்' ஆனார். கவனித்துப் பாருங்கள்: உதிர்ந்த 'கு'வைச் சட்டம் ஒரு நூற்றாண்டு கழித்துத் திருப்பி ஒட்டியிருக்கிறது, ஆள் முதலில், நோய் பிறகு. அதே சட்டம் எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவ்விதி யாருக்காக எழுதப்பட்டது என்பதை அத்தீயே சொல்லும்.

ஜப்பானியர் செய்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். 'ஸ்கிசோஃப்ரினியா'வுக்கு அவர்கள் வழங்கிய பெயர் 'மனம் பிளந்த நோய்' என்று பொருள்படுவது. அப்பெயரைச் சொன்னாலே குடும்பங்கள் இடிந்துபோவதால் மருத்துவர்கள் பலர் நோயாளிக்கு நோயின் பெயரைச் சொல்வதே இல்லை. நோயாளிகளின் குடும்பத்தார் சங்கம் 1993இல் வேண்டுகோள் வைத்தது. 2002இல் 'ஒருங்கிணைவுக் கோளாறு' என்னும் பொருளுடைய பெயர் வந்தது. அதன்பின் நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லும் மருத்துவர்கள் பெருகினர். கொரியர் 2011இல் வைத்த பெயர் இன்னும் அழகு: நரம்புக் கருவியின் தந்திகளைச் சுருதி கூட்டுவதைக் குறிக்கும் சொல் அதிலுள்ளது. கலைந்த சுருதியைத் திரும்பக் கூட்டலாம் அல்லவா? தமிழில் நாம் வழங்கும் 'மனச்சிதைவு நோய்' ஜப்பானியரின் பழைய பெயரைப் போன்றதே. சிதைந்தது மீண்டும் சேரும் என்னும் நம்பிக்கையை அது தருவதில்லை. இதற்கு நல்ல மாற்றுச்சொல் தோன்றும் வாசகர்கள் எங்களுக்கு எழுதலாம்.

மாற்றுச்சொல் வரும்வரை குடும்பங்கள் தாமே ஒரு சொல்லைத் தேடிக்கொள்கின்றன. பெரும்பாலும் அது 'நரம்புத் தளர்ச்சி'. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வரும் தாய்மார் பலரிடம் கேட்டதை ஒன்றாக்கிச் சொல்கிறோம். மகன் காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறான். உறக்கமின்றி, காதில் குரல்கள் கேட்டு, நோய் முற்றிய பின் இங்கே வருகிறான். மாத்திரையால் தேறி வேலைக்குத் திரும்புகிறான். வீட்டில் "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒருநாள் உணவு இடைவேளையில் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டை விழுகிறது. ஒருவன் பெயரைப் படித்துக் கைப்பேசியில் தேடுகிறான். அன்று முதல் 'மெண்டல்'. அவன் மறுநாளிலிருந்து மாத்திரையை எடுத்துச் செல்வதில்லை. பிறகு உண்பதும் இல்லை. சில மாதங்களில் மீண்டும் குரல்கள். மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதே நோய் திரும்பி வருவதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அவனை நிறுத்த வைத்தது மாத்திரையின் பக்கவிளைவு அன்று.

'நரம்புத் தளர்ச்சி' என்னும் மறைவும் நல்ல மறைவு இல்லை. சுவரொட்டிகளிலும் விடுதி வைத்தியர்களின் விளம்பரங்களிலும் அது வேறு குறையைச் சொல்லும் சங்கேதமாகிவிட்டதால், பெண் பார்க்கப் போகும் இடத்தில் அது இன்னொரு ஐயத்தைக் கிளப்புகிறது. பொருந்தாத டானிக்குகளுக்கும் ஊசிகளுக்கும் பணம் செலவாகிறது. ஊராருக்கு எதையும் சொல்லாமலிருப்பது உங்கள் உரிமை. "உடம்புக்கு முடியல, சிகிச்சை எடுக்கிறான், இப்ப தேவலை" என்பது பொய்யில்லாத, போதுமான விடை. ஆனால் வீட்டுக்குள் நோயின் உண்மைப் பெயர் வழங்க வேண்டும், நோயுற்றவரின் காதுபடவே வழங்க வேண்டும். 'அவனுக்கு' என்று தொடங்கும் வாக்கியத்தில் வழங்க வேண்டும். மருத்துவர் சொன்ன பெயர் புரியாவிட்டால் தாளில் தமிழில் எழுதித் தரக் கேளுங்கள். யாரேனும் முகத்துக்கு நேரே இழிவாகப் பேசினால், "அவனுக்கு நோய் இருக்கு, அதுக்கு மாத்திரை சாப்பிடுறான்" என்று இவ்வளவு சொன்னாலே பெரும்பாலும் பேச்சு அடங்கிவிடும். நோயுற்றவர் தாமே அதைச் சொல்லும் நாள் வந்தால், மருத்துவரிடம் அச்செய்தியை மறவாமல் தெரிவியுங்கள். எங்கள் குறிப்பேட்டில் அதற்கும் இடம் உண்டு.

தோல் பதனிடும் தொழிலகங்களிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் பணிபுரிவோருக்கு ஒரு செய்தி. பெயரை மறைப்பதால் பணமும் இழக்க நேரும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சாதாரண நோய்க்காலப் பயன் ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. நீண்டகால நோய்கள் 34க்கு நீட்டிக்கப்பட்ட பயன் உண்டு. அது 80 விழுக்காடு, ஈராண்டு வரை. அந்த 34இல் ஸ்கிசோஃப்ரினியாவும் கடும் மனச்சோர்வும் இடம்பெற்றுள்ளன. 'நரம்புத் தளர்ச்சி' இல்லை. ஈராண்டு தொடர்ந்த பணி முதலிய நிபந்தனைகளை உங்கள் கிளை அலுவலகத்தில் கேட்டறியலாம். நோயின் பெயர் எழுதிய சான்றிதழ் அங்கேதான் கொடுக்கப்பட வேண்டும், உடன் வேலை செய்வோரிடம் அன்று. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் நோய் விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டியது. சான்றிதழ் வாங்கும்போது, "நோயோட பேரை அப்படியே எழுதிக் கொடுங்க, சார்" என்று தயங்காமல் கேளுங்கள்.